சோளத்தட்டை இப்போதே அறுக்கலாமா, மணி முற்றட்டும் என்று விடலாமா?

மேட்டுக்காடு எழுதியது:

வணக்கம். தாராபுரம் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் காடு இரண்டு ஏக்கர். புரட்டாசி கடைசியில் மஞ்சச்சோளம் விதைத்தோம், மாட்டுத் தீவனத்துக்கென்றே அடர்த்தியாக, ஏக்கருக்கு 20 கிலோ விதை, ஊடே கொஞ்சம் தட்டைப்பயறும் தூவினோம். ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. முப்பது நாள் பயிரில் ஈரம் இருக்கும்போதே ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா போட்டோம், அதற்கப்புறம் ஒரு மாதம் பொட்டு மழை இல்லை. நாலு நாள் முன்னால்தான் ஒரு மழை, மண் நாலு விரல் நனைந்திருக்கும், அவ்வளவுதான்.

இப்போது பயிருக்கு 75 நாள். பள்ளத்தில் இருக்கிற ஒன்றரை ஏக்கர் ஆள் உயரம் வந்து பாதிக்கு மேல் பூ எடுத்துவிட்டது, சில கதிரில் நசுக்கினால் பால் வருகிறது. மேட்டில் சரளை மண்ணில் இருக்கிற அரை ஏக்கர் மட்டும் தொடை உயரத்தோடு நின்றுவிட்டது, இலை சுருண்டு கிடந்தது, இந்த மழைக்கு இப்போது தூரில் பச்சைப்பசேலென்று புதுத்தளிர் விடுகிறது.

நான் மொத்தமாக இந்த வாரமே அறுத்துவிடலாம் என்கிறேன். அப்பா வேண்டாம் என்கிறார். தை பாதி வரை விட்டால் நாலு மூட்டை சோளமாவது தேறும், தட்டும் கிடைக்கும், எதற்கு அவசரம் என்பது அவர் பேச்சு. வீட்டில் கறவை மாடு நாலு, வெள்ளாடு ஆறு. போன கோடையில் வைக்கோல் வாங்கியே பால் காசு முழுக்கப் போனது, அதனால்தான் இந்த வருடம் தீவனத்தைக் காட்டிலேயே எடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக விதைத்தேன்.

எப்போது அறுப்பது சரி? மேட்டில் இருக்கிற குட்டைப் பயிரையும் சேர்த்து அறுக்கலாமா, அதைப் பச்சையாகவே மாட்டுக்குப் போட்டுத் தீர்த்துவிடலாமா? அப்புறம், நான் இதுவரை வைக்கோல் போர்தான் போட்டிருக்கிறேன், தட்டுப்போர் போட்டதில்லை. அதையும் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கிளுவை வேலி எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மேட்டில் இருக்கிற குட்டைப் பயிரில் ஒரு தட்டைக்கூடப் பச்சையாக மாட்டுக்குப் போட வேண்டாம். ஆட்டையும் அந்தப் பக்கம் விட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பள்ளத்துப் பயிரை அறுத்துவிடு. அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நம் அப்பன் பாட்டன் எல்லாம் சோளத்தைத் தின்று வளர்ந்தவர்கள், கதிர் வந்த பயிரை மணி பிடிக்கும் முன்னால் அறுப்பதைப் பார்க்க அவர்களுக்கு மனசு ஆகாது. ஆனால் நீ விதைத்த விதை ஏக்கருக்கு 20 கிலோ. தானியத்துக்கு யாராவது அப்படி விதைப்பார்களா? அவ்வளவு நெருக்கத்தில் தண்டு விரல் கனம்தான் வரும், கதிரும் அதற்கேற்ற மாதிரி சிறுத்துத்தான் இருக்கும், அதிலும் பால் பிடித்த நாளிலிருந்து சிட்டுக்குருவியும் கிளியும் விடியும் முன்னே வந்துவிடும், காவலுக்கு ஆள் வேண்டும். நாலு மூட்டை என்பது குருவி தின்றது போக ஒன்றரை மூட்டையாக நிற்கும்.

தட்டுக்கு என்ன ஆகும் என்றால், பூ எடுத்ததிலிருந்து பால் பிடிக்கிற வரைக்கும்தான் தண்டில் சாறும் இலையில் சத்தும் இருக்கும். அதற்குப் பிறகு எல்லாம் மணிக்குப் போய்விடும். நீ நாளைக் காலையில் காட்டுக்குப் போனதும் ஒரு தட்டை அடியிலிருந்து மூன்றாவது கணுவில் ஒடித்து மென்று பார். இனிப்பாக இருக்கும், சக்கை மெதுவாக இருக்கும். அதே தட்டைத் தை பாதியில் மென்றால் மூங்கில் சிம்பு மாதிரி வாயைக் குத்தும். மாட்டுக்கும் அப்படித்தான். மணி முற்றிய தட்டைப் போட்டால் மேல் பாதியைத் தின்றுவிட்டு அடித்தண்டைத் தீவனம் போடுகிற காடியிலேயே விட்டுவிடும், என் தொழுவத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் குப்பைக்குப் போகும். பால் பருவத்தில் அறுத்த தட்டில் துண்டு மிஞ்சாது.

கணக்கும் போட்டுப் பார். உன் மாடு ஒன்றுக்கு நாளைக்குக் காய்ந்த தட்டு 6 கிலோ என்று வைத்தால் நாலு மாட்டுக்கு 24 கிலோ, ஆறு மாதத்துக்கு 4,320 கிலோ. எங்கள் காட்டில் ஓரளவு மழை வாய்த்த வருடத்தில் ஏக்கருக்கு இரண்டு டன் காய்ந்த தட்டு எடுத்திருக்கிறேன். உனக்கு ஒன்றரை ஏக்கரில் மூன்று டன் வந்தால் மாசியிலிருந்து வைகாசி முடிய தாங்கும். அதற்குள் கோடை மழைக்கு, மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தலை காட்டிவிடும். நாலு மூட்டைச் சோளத்தை விற்று இந்தத் தட்டை விலைக்கு வாங்க முடியுமா என்று அப்பாவிடமே கேள், அவர் சரி என்பார்.

இப்போது அந்தக் குட்டைப் பயிர். ஏழெட்டு வருடம் முன்னால் எங்கள் காட்டில் நடந்தது. மார்கழியில் தட்டு அறுத்துப் போர் போட்டாயிற்று. தை முதல் வாரம் ஒரு மழை, அறுத்த தூரில் மறுபடி துளிர்த்த மறுதாம்பு முழங்கால் உயரம் வந்துவிட்டது, பார்க்கவே கண் குளிர்ந்தது. ஒரு சாயங்காலம் படல் சரியாகச் சாத்தாமல் விட்டதில் கிடாரி ஒன்று உள்ளே போய்விட்டது. பத்து நிமிடம்கூட மேய்ந்திருக்காது. நான் போய் ஓட்டி வந்தேன், வரும்போதே மூச்சு இரைத்தது, கால் பின்னியது, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வரவில்லை, வழியிலேயே விழுந்துவிட்டது. டாக்டருக்குப் போன் செய்து அவர் வண்டியைக் கிளப்பும் முன்னால் இங்கே முடிந்துவிட்டது. முதல் ஈத்துக்கு மூன்று மாதம் இருந்த கிடாரி. அன்றிலிருந்து சோளம் அறுத்த காட்டை அந்த வாரமே உழுது போட்டுவிடுகிறேன், இல்லையென்றால் படலுக்கு முள் வைத்துக் கட்டிவிடுகிறேன்.

தொழுவத்து மருந்து எழுதியது:

கிளுவை வேலி ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. நான் கால்நடை மருத்துவன், வருடா வருடம் இந்த மாதிரி மாடு நாலைந்தாவது பார்க்கிறேன், பாதியைக் காப்பாற்ற முடிவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சோளத்தின் இலையில் துர்ரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது தனியாக இருக்கும்வரை கெடுதல் இல்லை. அதை உடைக்கிற நொதியும் அதே இலையில் வேறு அறையில் இருக்கிறது. மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது, அசைபோடும் பிராணிகளின் முன்வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்துவிடும். அதனால்தான் மாடும் ஆடும் இதில் சட்டென்று விழுகின்றன. இளம்பயிர், மறுதாம்பு, வறட்சியில் நின்றுபோய் மழைக்குத் துளிர்த்த பயிர், இந்த மூன்றிலும் நஞ்சு அதிகம். நன்றாக வளர்ந்து பூத்துவிட்ட பயிரில் குறைந்துவிடும். மேட்டுக்காடு சொன்ன குட்டைப் பயிர் இதில் மூன்றாவது வகை, புதுத்தளிர் வேறு இருக்கிறது.

சயனைடு தாக்கினால் இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் கண் இமையை விலக்கிப் பார்த்தால், ஈறைப் பார்த்தால், செக்கச்செவேலென்று இருக்கும். மூச்சு வாங்கும், நுரை தள்ளும், தள்ளாடி விழும். அந்த நேரத்தில் வெல்லம் கரைக்கிறேன், புளி கரைக்கிறேன் என்று வாயில் ஊற்ற வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே பக்கத்தில் இருக்கிற மருத்துவரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் 1962 எண்ணுக்கு அழைத்து நடமாடும் வண்டியை வரச் சொல்லுங்கள், சோளப்பயிர் தின்றது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் கையோடு எடுத்து வர முடியும், இரண்டும் நரம்பில் போடுகிற ஊசி.

காய வைத்தால் இந்த நஞ்சில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். ஆனால் முழுக்கக் காய வேண்டும். ஒரு வெயில் காட்டினேன், வாடிவிட்டது, அதனால் போடலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து, அரைகுறையாக வாடும்போதுதான் இலைக்குள்ளே இரண்டும் கலந்து நஞ்சு வெளிவந்துகொண்டிருக்கும். தோகை சருகாகி, கையில் நொறுக்கினால் நொறுங்க வேண்டும்.

இன்னொரு விஷயம் யாரும் கேட்கவில்லை, நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. யூரியா போட்டு ஒரு மாதம் மழை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயிர் வேரால் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வளர்ச்சி நின்றுவிட்டதால் அதைப் புரதமாக மாற்ற முடியாமல் தண்டில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மழை பெய்த அடுத்த சில நாட்களில் அது இன்னும் ஏறும். இது காய்ந்தாலும் போகாது. போரில் ஆறு மாதம் இருந்தாலும் அப்படியே இருக்கும். இதைத் தின்ற மாட்டின் இரத்தம் சாக்லேட் மாதிரி பழுப்பாகிவிடும், ஈறும் நீலம் பாரித்து மங்கிப்போகும். சயனைடுக்குப் போடுகிற சோடியம் நைட்ரைட்டை இதற்குப் போட்டால் நிலைமை மோசமாகும், இதற்கு மெத்திலீன் ப்ளூ வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதால்தான் என்ன தின்றது, எப்போது மழை பெய்தது, எவ்வளவு உரம் போட்டீர்கள் என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்கிறோம்.

நைட்ரேட் பெரும்பாலும் அடித்தண்டில் தங்கும். ஆகவே மேட்டுப் பயிரை இப்போது அறுக்காதீர்கள், குறைந்தது இரண்டு வாரம் போகட்டும், பயிர் மறுபடி வளர்ந்து சேர்த்ததைச் செலவழிக்கட்டும். அறுக்கும்போதும் ஒரு சாண் அடித்தட்டை விட்டு அறுங்கள். பள்ளத்துப் பயிர் வளர்ச்சி நிற்காமல் பூத்துவிட்டது என்பதால் அதில் இவ்வளவு பயம் இல்லை, ஆனாலும் மழை பெய்து நாலு நாள்தான் ஆகிறது, இன்னும் ஒரு நாலைந்து நாள் பொறுத்து, எட்டு விரல் விட்டு அறுத்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். மேட்டுத் தட்டைத் தனியாகக் கட்டித் தனியாக அடுக்குங்கள். கொடுக்கும்போது வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகத் தொடங்குங்கள், வெறும் வயிற்று மாட்டுக்கு அதை மட்டும் போட வேண்டாம், சினை மாட்டுக்குப் போடவே வேண்டாம்.

படைப்புழுவுக்கு மருந்து ஏதாவது அடித்தீர்களா? அடித்திருந்தால் என்ன மருந்து, எத்தனை நாள் ஆகிறது என்று சொல்லுங்கள்.

மேட்டுக்காடு எழுதியது:

ரொம்ப நன்றிங்க ஐயா, டாக்டர் சார். நைட்ரேட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, காய்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். மருந்து 25 நாள் பயிரில் வேப்பெண்ணெய்க் கரைசல் மட்டும் ஒருமுறை அடித்தோம், வேறு எதுவும் அடிக்கவில்லை. கிடாரி கதையைப் படித்ததும் அப்பாவே போய் மேட்டுப் பக்கம் வேலி அடைப்பில் முள் வைத்துக் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

பள்ளத்தை அடுத்த திங்கட்கிழமை அறுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். ஆனால் வானம் மூட்டமாக இருக்கிறது. அறுத்துப் போட்ட பிறகு மழை வந்தால் என்ன செய்வது?

விம்மரா எழுதியது:

நான் ஈரோட்டுக்காரன், இப்போது ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் மேற்கே விம்மரா பகுதியில் ஒரு கோதுமைப் பண்ணையில் வேலை செய்கிறேன். இங்கே பயிர் கோதுமை, மண் வேறு, ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் இரண்டு வருடம் முன்னால் எங்கள் முதலாளி இதே மாதிரி தவித்தது நினைவுக்கு வந்துவிட்டது.

இங்கே கோதுமை பூக்கிற சமயம் செப்டம்பர், அக்டோபர். பனி உறைகிற இரவு ஒன்று வந்தால் போதும், வெளியே பயிர் பச்சையாகத்தான் நிற்கும், கதிருக்குள்ளே பூ செத்திருக்கும். அடுத்த நாளே பார்த்தால் தெரியாது. ஐந்தாறு நாள் கழித்துக் காட்டுக்குள் நடந்து, அங்கங்கே கதிரை ஒடித்து, ஒவ்வொரு உமியாக நகத்தால் பிரித்துப் பார்ப்போம். நல்ல பூவில் மகரந்தம் மஞ்சளாக இருக்கும், கரு பச்சையாகப் பருக்கத் தொடங்கியிருக்கும். பனி அடித்ததில் வெளுத்துச் சுருங்கிப்போன ஒரு தூசி மாதிரி இருக்கும். அன்று முதலாளியும் நானும் பார்த்த கதிர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. தானியம் இல்லை என்றால் உடனே வைக்கோலுக்கு அறுத்துவிட வேண்டும், தள்ளிப்போடப் போடப் பயிர் கட்டையாகிக்கொண்டே போகும். தாத்தா காலத்திலிருந்து தானியத்துக்கென்றே விதைத்த வயலை அறுக்க அவருக்கும் கை வரவில்லை, மூன்று நாள் வயலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அறுத்தோம். அந்த வருடம் கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதுதான் சாப்பாடு, மிச்சத்தைப் பக்கத்துப் பால் பண்ணை வாங்கிக்கொண்டது.

இங்கேயும் பருவக் கணக்கு கிளுவை வேலி ஐயா சொன்னதுதான், பூ முடிந்து மணியில் தண்ணீர்ப் பால் வருகிற நேரம்தான் வைக்கோலுக்கு நல்ல பதம். கோதுமையில் இன்னொரு தொந்தரவு உண்டு, வால் நீண்ட ரகம் என்றால் மணி முற்ற முற்ற அந்த வால் முள்ளாகி மாட்டின் நாக்கையும் ஈறையும் கிழித்துப் புண்ணாக்கும், அதனால் தீவனத்துக்கென்று விதைக்கிறவர்கள் வால் இல்லாத ரகமாகப் பார்த்து விதைக்கிறார்கள். சோளத்தில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மழை பற்றிக் கேட்டீர்கள். அறுத்த அன்றோ மறுநாளோ தூறினால் பெரிய சேதம் இல்லை, பயிர் இன்னும் பச்சையாகத்தான் இருக்கும், மேல் ஈரம் உலர்ந்துவிடும். பாதிக்கு மேல் காய்ந்த பிறகு மழை பெய்தால்தான் சத்துக் கரைந்து ஓடும், கறுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே அறுக்கிற நாளை விட அதிலிருந்து நாலாவது, ஐந்தாவது நாள் வானம் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

அப்புறம் ஈரத்தோடு அடுக்குவதால் இங்கே வருடம்தோறும் வைக்கோல் போர்கள் தானாகவே தீப்பிடித்து எரிகின்றன. வெளியிலிருந்து நெருப்பே வேண்டாம், உள்ளே ஈரத்தில் நுண்ணுயிர் பெருகிச் சூடு ஏறி ஏறிக் கடைசியில் பற்றிக்கொள்ளும். பெரிய கட்டாகக் கட்டுவதற்கு ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போகாமல் கருவி வைத்துப் பார்ப்போம். அடுக்கிய பிறகு சில வாரத்துக்கு இரும்புக் கம்பியைப் போருக்குள் குத்தி வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து உருவிக் கையால் பிடித்துப் பார்ப்போம். பிடிக்க முடிந்தால் சரி. பிடித்ததும் கையை எடுக்க வேண்டியிருந்தால் போர் கொதிக்கிறது என்று அர்த்தம், கவனமாகப் பிரித்துப் போட வேண்டும். உங்கள் வீட்டுக் கடப்பாரையே இதற்குப் போதும்.

சின்னத் தொழுவம் எழுதியது:

தட்டுப்போர் பற்றிக் கேட்டதற்கு யாரும் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் தம்பி. எங்கள் வீட்டில் போர் போடுவது நாங்கள் பெண்கள்தான், மாமியாரிடம் கற்றுக்கொண்டது, இருபது வருடமாகப் போடுகிறேன்.

பனி உலர்ந்த பிறகு அறுக்கச் சொல்லுங்கள், மார்கழியில் எட்டரை ஒன்பது மணி ஆகிவிடும். அறுத்ததை அரி அரியாக, எல்லாத் தலையும் ஒரே பக்கம் இருக்கிற மாதிரி போட வேண்டும், கன்னாபின்னாவென்று போட்டால் கட்டும்போது இரண்டு மடங்கு வேலை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். தட்டைப்பயறுக் கொடியும் கலந்து கிடக்கும், அது சீக்கிரம் காய்ந்துவிடும், அதில்தான் புரதம், அதன் இலையைக் கொட்டவிடாமல் எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். நண்பகலில் தொட்டால் எல்லாம் நொறுங்கி மண்ணோடு போய்விடும். அதனால் காய்ந்த பிறகு கட்டுக் கட்டுவது விடியற்காலையில்தான். பனியில் தோகை லேசாகப் பதமாகி இருக்கும், முறுக்கினாலும் உதிராது. கட்டி முடித்த கட்டுகளை நாலைந்தாக நிமிர்த்திக் கூம்பு மாதிரி ஒன்றோடொன்று சாத்தி வைத்தால் அந்த மேல் பனியும் வெயிலில் போய்விடும், இன்னும் மூன்று நாள் அப்படியே நிற்கட்டும்.

தோகை காய்ந்தது என்று தட்டை நம்பிவிடாதீர்கள். கட்டுக்கு நடுவிலிருந்து ஒரு தட்டை உருவி, கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள். நகத்தில் ஈரம் ஒட்டினால் இன்னும் இரண்டு நாள். கணு கடைசியாகத்தான் காயும். ஒடித்தால் டப்பென்று ஓசை வர வேண்டும், வளைந்து நார் தொங்கக் கூடாது.

போருக்கு இடம் மேடாக இருக்கட்டும். கீழே கல் பரப்பி, அதன் மேல் பனை வாரையோ பழைய மரமோ போட்டு ஒரு அடி தூக்கிவிடுங்கள், கரையான் ஏறாது, அடியில் காற்றும் ஓடும். அடுக்கும்போது அடித்தட்டு வெளியே, கதிர் உள்ளே. நடுவைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டே வந்தால் ஒவ்வொரு கட்டும் வெளிப்பக்கம் சரிந்து நிற்கும், மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்துவிடும். போரின் குறுகின பக்கத்தை மேற்கே வையுங்கள், ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து அடிக்கும்போது நீளப்பக்கத்தைக் காட்டினால் கூரையோடு தூக்கிவிடும். மேலே பனையோலை வேய்ந்து, கயிற்றில் கல் கட்டி இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். தார்ப்பாய் போடுவதானால் போரோடு ஒட்டிப் போடாதீர்கள், உள்ளே வேர்த்து மேல் வரிசை கறுத்துவிடும், நடுவில் குச்சி வைத்துத் தூக்கிக் கட்டுங்கள்.

பூஞ்சணம் பிடித்த கட்டு ஒன்று கிடைத்தால் மனசு கேட்காமல் மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், எருக்குழியில் போடுங்கள். ஒரு வருடம் நான் அப்படிப் போட்டு எங்கள் மாடு இரண்டு வாரம் பால் வற்றிப்போய் இருமிக்கொண்டே கிடந்தது.

தட்டு வெட்டுகிற சாப்கட்டர் இருந்தால் ஒரு அங்குலத் துண்டாக வெட்டிப் போடுங்கள். வெட்டியதில் கைப்பிடி தண்ணீர் தெளித்து அரை மணி வைத்தால் தூசியும் பறக்காது, மாடும் ஆசையாகத் தின்னும்.

மேட்டுக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இருபது நாள் கழித்து எழுதுகிறேன், வேலை சரியாக இருந்தது.

பள்ளத்தை மார்கழி 18 அன்று அறுத்தோம், டாக்டர் சார் சொன்ன மாதிரி எட்டு விரல் விட்டு. அறுத்த மறுநாள் சாயங்காலமே தூறல், எனக்கு வயிறு கலங்கிவிட்டது, விம்மரா அண்ணன் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தோம். அடுத்த நாள் வெயில் அடித்தது, மேல் தோகை கொஞ்சம் வெளுத்தது, உள்ளே பச்சை வாசம் அப்படியே இருந்தது. வரப்போரம் தண்ணீர் தேங்கிய ஒரு மூலையில் மட்டும் கறுத்துவிட்டது, அதை எருக்குழியில் போட்டாயிற்று. அக்கா சொன்னபடி விடியற்காலையில் கட்டினோம், அம்மாவும் சித்தியும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாலரை மணிக்கே காட்டுக்கு வந்துவிட்டார்கள். பயற்றங்கொடி இலை கொட்டாமல் வந்தது.

போர் போட்டு இன்று ஐந்தாவது நாள். தினமும் கடப்பாரையைக் குத்தி வைத்துப் பார்க்கிறேன். முதல் நாள் வெதுவெதுப்பாக இருந்தது, நேற்றும் இன்றும் வெளியே கிடக்கிற கடப்பாரை மாதிரியே இருக்கிறது. கட்டு ஒன்று பிரித்துச் செவலை மாட்டுக்குப் போட்டுப் பார்த்தோம், காடியில் ஒரு துண்டு மிஞ்சவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா இன்னொரு கட்டை அவரே உருவி வந்து போட்டார்.

மேட்டில் இருப்பது இப்போது இடுப்பளவு வந்திருக்கிறது, சிலது கதிர் இன்னும் வெளியே வராமல் பொதியில் இருக்கிறது, சிலது இன்னும் தளிர்தான். இதை எப்போது அறுக்கட்டும்?

தொழுவத்து மருந்து எழுதியது:

நல்ல செய்தி. மேட்டுப் பயிரில் பொதி விட்டது எல்லாம் கதிர் வெளியே வந்து பாதியாவது பூக்கட்டும், தை கடைசி ஆகலாம். ஈரம் போதாமல் அதற்கு முன்பே காயத் தொடங்கினால் அப்படியே நின்று காயவிட்டு அறுங்கள், பச்சையில் தொட வேண்டாம். நடுவில் மறுபடி மழை பெய்தால் அந்த நாளிலிருந்து திரும்ப இரண்டு வாரம் எண்ணுங்கள். பள்ளத்தில் அறுத்த தூரில் இந்நேரம் மறுதாம்பு கிளம்பியிருக்குமே, அதை என்ன செய்திருக்கிறீர்கள்?

மேட்டுக்காடு எழுதியது:

கிளம்பியதுங்க சார், ஒரு சாண் இருந்தது. கட்டைத் தூக்கி முடித்த மறுநாளே அப்பா டிராக்டர் சொல்லி உழுதுவிட்டார். மேட்டுப் பக்கம் முள் அப்படியே இருக்கிறது.